ஒன்பது மூன்றாகிவிட்டதா? அப்பாவின் கல்லீரல் எம்.ஆர்.ஐ. குறித்து ஒரு வாசகிக்குப் பதில்

கேள்வி: வணக்கம் டாக்டர். என் அப்பாவுக்கு வயது 58. பல வருடமாகச் சர்க்கரை நோய் இருக்கிறது, குடிப்பழக்கம் கிடையாது. அல்ட்ராசவுண்டில் 'கிரேடு 2 ஃபேட்டி லிவர்' என்று வந்ததால் ஃபைப்ரோஸ்கேன் எடுத்தோம். கல்லீரலின் விறைப்பு 9.6 கிலோபாஸ்கல் என்று வந்தது. பயந்துபோய்த் தினமும் நடக்க ஆரம்பித்தார். ஐந்து வாரம் கழித்து எம்.ஆர்.ஐ.யும் எம்.ஆர். எலாஸ்டோகிராபியும் எடுத்தோம். அதில் விறைப்பு 3.1 கிலோபாஸ்கல், கொழுப்பு 18 சதவீதம் என்று போட்டிருக்கிறது. "பாத்தியா, ஒன்பது மூணாயிடுச்சு, எல்லாம் சரியாப் போச்சு" என்று நடையை நிறுத்திவிட்டார். நிஜமாகவே குறைந்துவிட்டதா?

இன்னொரு கவலை. அதே எம்.ஆர்.ஐ.யில் கல்லீரலின் ஏழாவது பகுதியில் 14 மி.மீ. அளவில் ஒரு முடிச்சு தெரிகிறதாம். 'டி2 படத்தில் நல்ல வெளிச்சம், ஹீமாஞ்சியோமாவாக இருக்கலாம், மூச்சு அசைவால் சில படங்கள் தெளிவாக இல்லை, கான்ட்ராஸ்ட் கொடுத்து மறுபடி பார்க்கவும்' என்று எழுதியிருக்கிறார்கள். அப்பாவுக்குச் சிறுநீரகச் செயல்பாடு கொஞ்சம் குறைவு, ஈ.ஜி.எஃப்.ஆர். 52. ஊசியில் ஏற்றும் அந்தக் கான்ட்ராஸ்ட் மருந்து ஆபத்தில்லையா? ரத்தத்தில் கல்லீரல் என்சைம்களான ஏ.எஸ்.டி. 46, ஏ.எல்.டி. 61, பிளேட்லெட் 1,98,000. ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: அன்புள்ள வாசகிக்கு, முதலில் அப்பாவை மறுபடி நடக்கச் சொல்லுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம். 9.6 என்பது 3.1 ஆகக் குறையவில்லை. அந்த ஐந்து வாரத்தில் அவருடைய கல்லீரல் ஏறத்தாழ இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. இரண்டு கருவிகளும் கிட்டத்தட்ட ஒரே செய்தியைத்தான் சொல்லியிருக்கின்றன. எண்தான் வேறு.

இந்தக் குழப்பம் உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதில்லை. இரண்டு ரிப்போர்ட்டிலும் 'கிலோபாஸ்கல்' என்ற ஒரே அலகு அச்சாகியிருக்கும்போது யாராக இருந்தாலும் ஒப்பிடத்தான் செய்வார்கள். நாங்கள் ரிப்போர்ட் எழுதும்போது 'இந்த எண்ணை ஃபைப்ரோஸ்கேன் எண்ணோடு ஒப்பிடக் கூடாது' என்று ஒரு வரி சேர்த்தாலே பாதிப் பேரின் தூக்கம் கெடாது. பல இடங்களில் அந்த வரி இருப்பதில்லை.

விஷயம் இதுதான். ஒரு பொருளின் விறைப்பை இரண்டு விதமாகச் சொல்லலாம். ஒரு அழிரப்பரை மேலிருந்து அழுத்தினால் அது எவ்வளவு எதிர்க்கிறது என்பது ஒரு கணக்கு. அதன் மேல்பக்கத்தை மட்டும் பக்கவாட்டில் தள்ளினால் எவ்வளவு எதிர்க்கிறது என்பது வேறொரு கணக்கு. கல்லீரல் போல நீர் நிறைந்து, அமுக்கினாலும் கொள்ளளவு மாறாத மென்திசுவில் முதல் எண் இரண்டாவது எண்ணைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு வரும். ஃபைப்ரோஸ்கேன் முதல் எண்ணை அச்சிடுகிறது, எம்.ஆர். எலாஸ்டோகிராபி இரண்டாவது எண்ணை அச்சிடுகிறது. உங்கள் அப்பாவின் 9.6-ஐ மூன்றால் வகுத்தால் 3.2. எம்.ஆர்.ஐ.யில் வந்ததோ 3.1. இதைவிட நெருக்கமாக இரண்டு கருவிகள் ஒத்துப்போவதை நான் அதிகம் பார்த்ததில்லை.

அதற்காக மூன்றால் வகுப்பதை ஒரு சூத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டாம். ஃபைப்ரோஸ்கேன் 50 ஹெர்ட்ஸில் ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கிறது, எம்.ஆர். எலாஸ்டோகிராபி 60 ஹெர்ட்ஸில் தொடர்ந்து அதிரவைத்துப் பார்க்கிறது. அதிர்வெண் மாறினால் திசு காட்டும் விறைப்பும் மாறும். அளக்கும் இடமும் வேறு. பல நோயாளிகளுக்கு இந்த வகுத்தல் கணக்குப் பொருந்தாமல் போகும். உங்கள் விஷயத்தில் பொருந்தியிருக்கிறது, அவ்வளவே.

சரி, 3.1 என்றால் என்ன? எம்.ஆர். எலாஸ்டோகிராபியில் 2.5-க்குக் கீழே இருந்தால் இயல்பு. 2.5 முதல் 3 வரை இயல்பாகவும் இருக்கலாம், அழற்சியாகவும் இருக்கலாம். கல்லீரல் விறைக்க முக்கியக் காரணம் உள்ளே விழும் தழும்பு, அதை நான்கு நிலைகளாகப் பிரிப்போம். 3 முதல் 3.5 வரை தழும்பின் முதல் அல்லது இரண்டாம் நிலை. 4-ஐத் தாண்டினால் மூன்றாம் நான்காம் நிலைகளை நினைப்போம், 5-ஐத் தாண்டினால் பெரும்பாலும் சிரோசிஸ், அதாவது தழும்பு முற்றிய கடைசி நிலை. ஆக, உங்கள் அப்பாவுக்குத் தழும்பு தொடங்கியிருக்க வாய்ப்பு உண்டு, முற்றிப்போகவில்லை. ஃபைப்ரோஸ்கேனிலும் 8-லிருந்து 12 வரை 'சந்தேக வட்டம்'தான். 9.6 அதற்குள்தான் விழுகிறது.

நீங்கள் ரத்தப் பரிசோதனை எண்களையும் எழுதியது நல்லதாகப் போயிற்று. வயதை ஏ.எஸ்.டி.யால் பெருக்கி, அதைப் பிளேட்லெட் எண்ணிக்கையும் ஏ.எல்.டி.யின் வர்க்கமூலமும் சேர்ந்த பெருக்கத்தால் வகுத்தால் ஃபிப்-4 என்ற எண் கிடைக்கும். பிளேட்லெட்டை ஆயிரங்களாக, அதாவது 198 என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அப்பாவுக்கு அது சுமார் 1.7. 1.3-க்குக் கீழே இருந்தால் பெரிய தழும்பு இல்லை என்று விட்டுவிடலாம், 2.67-க்கு மேலே போனால் கவலைப்பட வேண்டும். இவர் நடுவில் நிற்கிறார். எம்.ஆர். விறைப்பு 3.3-ம் ஃபிப்-4 1.6-ம் இரண்டுமே தாண்டினால், சிகிச்சை தேவைப்படும் அளவுக்குத் தழும்பு இருக்கிறது என்று கொஞ்சம் உறுதியாகச் சொல்லலாம் என்பது இப்போது பலர் பயன்படுத்தும் ஒரு கணக்கு. அப்பாவுக்கு இரண்டில் ஒன்றுதான் தாண்டியிருக்கிறது. மூன்று வெவ்வேறு வழிகளில் பார்த்தும் ஒரே இடத்தில் வந்து நிற்பதால், இந்த 'நடுவில்' என்ற பதிலை நான் நம்புகிறேன்.

எம்.ஆர். எலாஸ்டோகிராபி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் ரிப்போர்ட்டை எங்கே நம்பலாம், எங்கே கேள்வி கேட்கலாம் என்பது பிடிபடும். அப்பாவின் வலது விலா மேல் தட்டையாக, வட்டமாக ஒரு பிளாஸ்டிக் டிரம்மை வைத்து பெல்ட்டால் கட்டியிருப்பார்கள். அதிலிருந்து ஒரு நீளக் குழாய் ஸ்கேன் அறைச் சுவரைத் தாண்டி வெளியே இருக்கும் ஒலிப்பெருக்கி போன்ற கருவிக்குப் போகும். காந்தத்துக்குப் பக்கத்தில் உலோகம் வரக்கூடாது என்பதால், காற்றழுத்தத்தை மட்டும் குழாய் வழியே அனுப்புகிறார்கள். நொடிக்கு 60 முறை டிரம் அதிரும். அந்த அதிர்வு கல்லீரலுக்குள் அலையாக ஓடும். அலை ஓடும்போது திசு அசைவது மில்லிமீட்டரில் மிகச் சிறு பங்குதான், ஆனால் எம்.ஆர்.ஐ. அதையும் பிடித்துவிடும். திரையில் சிவப்பும் நீலமுமாக வரி வரியாகத் தெரியும். கல்லீரல் மென்மையாக இருந்தால் வரிகள் நெருங்கி நிற்கும், விறைத்திருந்தால் விலகி நிற்கும். 2 கிலோபாஸ்கல் கல்லீரலில் ஒரு அலையின் நீளம் சுமார் 2.4 செ.மீ., 5 கிலோபாஸ்கல் ஆனால் சுமார் 3.7 செ.மீ. இந்த யுக்தியை மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ராஜா முத்துப்பிள்ளை, ரிச்சர்ட் ஈமன் முதலானோர் 1995-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். சோதனைக்கூடத்தில் இருந்தது நோயாளியின் படுக்கைக்கு வந்துசேர இன்னும் பல வருடம் பிடித்தது.

ஃபைப்ரோஸ்கேன் பார்ப்பது தோலுக்கு அடியில் சில செ.மீ. ஆழத்தில், ஒரு விரல் தடிமனுள்ள சிறு உருளை அளவு திசுவை. எம்.ஆர். பார்ப்பது கல்லீரலின் குறுக்கே நான்கு வெட்டுகளை. உடல் பருமனாக இருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரிது. அதற்காக ஃபைப்ரோஸ்கேன் மட்டம் என்று சொல்ல வரவில்லை. சில நிமிடத்தில், வெளிநோயாளிப் பிரிவிலேயே முடிகிற ஒரு சோதனைக்கு அது அருமையான கருவி. 'உங்களுக்கு ஒன்றுமில்லை' என்று சொல்ல அது போதும். 'ஏதோ இருக்கிறது, எவ்வளவு?' என்ற கேள்வி வரும்போதுதான் எம்.ஆர். கைகொடுக்கும். அப்பாவின் மருத்துவர் அந்த வரிசையில்தான் போயிருக்கிறார், சரியாகத்தான் செய்திருக்கிறார்.

விறைப்பு என்றாலே தழும்பு என்று அர்த்தமில்லை. கல்லீரலில் அழற்சி இருந்தாலும், பித்தம் அடைத்திருந்தாலும், இதயம் பலவீனமாகி ரத்தம் தேங்கினாலும் விறைப்பு ஏறும். சாப்பிட்டுவிட்டு வந்தால்கூட ஏறும், ஏனென்றால் சாப்பாட்டுக்குப் பிறகு கல்லீரலுக்குப் போகும் ரத்த ஓட்டம் கூடுகிறது. அதனால் ஃபைப்ரோஸ்கேனுக்குக் குறைந்தது மூன்று மணி நேரமும் எம்.ஆர். எலாஸ்டோகிராபிக்கு நான்கு முதல் ஆறு மணி நேரமும் வெறும் வயிறு வேண்டும். அப்பா அன்று சாப்பிட்டுவிட்டுப் போனாரா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவருடைய ஏ.எல்.டி. 61 என்பதால், இந்த 3.1-ல் ஒரு பங்கு அழற்சியாகவும் இருக்கலாம். அது நல்ல செய்தி, ஏனென்றால் அழற்சி தழும்பைவிடச் சீக்கிரம் இறங்கும்.

கல்லீரலில் இரும்பு அதிகம் சேர்ந்திருந்தால் வழக்கமான எலாஸ்டோகிராபிப் படம் கறுத்துப்போய், எண்ணே வராமல் தோற்கும். 3 டெஸ்லா கருவியில் (டெஸ்லா என்பது காந்தத்தின் வலிமைக்கான அலகு) இது இன்னும் அதிகம். இதைச் சொல்வதற்குக் காரணம், 'பெரிய டெஸ்லா, நல்ல ஸ்கேன்' என்ற நினைப்பு எல்லோரிடமும் இருக்கிறது. கல்லீரலுக்கு 1.5 டெஸ்லா பல நேரங்களில் போதும், சில நேரங்களில் அதுவே மேல்.

இனி கொழுப்பு. எனக்குப் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அல்ட்ராசவுண்டில் 'கிரேடு 1, 2, 3' என்பது பார்ப்பவரின் கண் மதிப்பீடு. கல்லீரல் பக்கத்திலிருக்கும் சிறுநீரகத்தைவிட எவ்வளவு வெளுப்பாகத் தெரிகிறது, உள்ளே இருக்கும் ரத்தக்குழாய்களின் ஓரம் தெரிகிறதா என்று பார்த்துச் சொல்வது. கொழுப்பு குறைவாக இருந்தால் அதற்குத் தெரியாது. இன்று ஒருவர் கிரேடு 2 என்று எழுதியதை நாளை இன்னொருவர் கிரேடு 1 என்று எழுதலாம், இரண்டு பேர்மேலும் தப்பில்லை.

எம்.ஆர்.ஐ. கொழுப்பை எண்ணியே சொல்லிவிடுகிறது. நம் உடம்பில் எம்.ஆர்.ஐ.க்குக் குரல் கொடுப்பவை ஹைட்ரஜன் அணுவின் புரோட்டான்கள். தண்ணீரில் இருக்கும் புரோட்டானும் கொழுப்பில் இருக்கும் புரோட்டானும் காந்தத்துக்குள் ஒரே வேகத்தில் சுழல்வதில்லை. வித்தியாசம் பத்து லட்சத்தில் மூன்றரைப் பங்குதான். ஆனால் 1.5 டெஸ்லா கருவியில் அது நொடிக்குச் சுமார் 220 சுழற்சி வித்தியாசம். அதனால் 2.3 மில்லி நொடியில் இரண்டும் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று அழிக்கும், 4.6 மில்லி நொடியில் மறுபடி சேர்ந்து நின்று ஒன்றையொன்று கூட்டும். இரண்டு நேரத்திலும் படம் எடுத்துக் கூட்டிக் கழித்தால் தண்ணீர் தனி, கொழுப்பு தனி. 1984-ல் தாமஸ் டிக்சன் சொன்ன வழி இது. இன்று அதை இரண்டு நேரங்களுக்குப் பதில் ஆறு நேரங்களில் எடுத்து, இரும்பினால் வரும் பிழையையும் கழித்து, கல்லீரலின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு சதவீதம் போட்டுவிடுகிறார்கள். எல்லாம் ஒரே மூச்சுப் பிடிப்பில், சுமார் இருபது நொடியில். ரிப்போர்ட்டில் 'பி.டி.எஃப்.எஃப்.' என்று இருக்கும். அதே படத்திலிருந்து இரும்பின் அளவும் கூடவே கிடைக்கும். அதையும் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள், சர்க்கரையும் ஃபேட்டி லிவரும் உள்ளவர்களுக்கு ரத்தத்தில் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் ஏறியிருப்பது சகஜம், அப்போது இந்த எண் பெரிய ஆறுதல்.

ஏறத்தாழ 5 சதவீதத்தைத் தாண்டினால் ஃபேட்டி லிவர். அப்பாவின் 18 நடுத்தரம். இந்த எண்ணின் அருமை இன்றைய 18-ல் இல்லை, அடுத்த முறை வரப்போகும் எண்ணில் இருக்கிறது. இருப்பதில் 30 சதவீதம் குறைந்தால், அதாவது 18 என்பது 12.6-க்கு இறங்கினால், கல்லீரலுக்குள் அழற்சியும் மட்டுப்பட்டிருக்க நல்ல வாய்ப்பு உண்டு என்று மருந்து ஆராய்ச்சிகளிலிருந்து தெரியவந்திருக்கிறது. எனவே உங்கள் அப்பாவுக்கு ஒரு இலக்குக் கொடுக்க வேண்டுமானால் விறைப்பை விட்டுவிட்டு இந்த 12.6-ஐக் கொடுங்கள். கொழுப்பு சில மாதங்களிலேயே இறங்கும். தழும்பு இறங்க வருடங்கள் ஆகும். ஐந்து வாரத்தில் தழும்பு மூன்றில் ஒரு பங்காகாது, எந்த மருந்திலும் ஆகாது.

எவ்வளவு நடந்தால் இறங்கும் என்று கேட்பார். கணக்கு உடல் எடையில் இருக்கிறது. எடையில் 3 முதல் 5 சதவீதம் குறைந்தாலே கொழுப்பு இறங்கத் தொடங்கும். அழற்சி அடங்க 7 முதல் 10 சதவீதம் வேண்டும், தழும்பு கரைய 10-க்கு மேல். மருந்துகளும் வந்துவிட்டன. ரெஸ்மெடிரோம் என்ற மருந்துக்கு 2024 மார்ச்சில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் கொடுத்தது, செமாகுளூடைடுக்கு 2025 ஆகஸ்டில். இரண்டும் தழும்பு இரண்டாம் மூன்றாம் நிலையில் உள்ளவர்களுக்கு. அப்பா அந்த வரம்புக்குள் வருகிறாரா என்பதை அவருடைய கல்லீரல் மருத்துவர் முடிவு செய்யட்டும். நான் படம் படிக்கிறவர், மருந்து எழுதுகிறவர் இல்லை.

உங்கள் உறவினர் சொன்ன ஊசி விஷயத்துக்கு வருவோம். திசுவை நுண்ணோக்கியில் பார்ப்பதைத்தான் இன்றும் மற்ற சோதனைகளுக்கு உரைகல்லாக வைத்திருக்கிறோம், அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அந்த ஊசியில் வரும் துண்டு முழுக் கல்லீரலில் சுமார் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. கொழுப்பும் தழும்பும் எல்லா இடத்திலும் ஒரே சீராக இருப்பதில்லை. ஒரு விரற்கடை தள்ளிக் குத்தியிருந்தால் நிலை ஒன்று மாறியிருக்கலாம். சின்ன அளவில் வலி, அபூர்வமாக ரத்தக்கசிவு என்று ஆபத்தும் உண்டு. ஆண்டுக்கொரு முறை குத்திப் பார்க்கவும் முடியாது. எம்.ஆர்.ஐ.யால் முடியாத வேலைகள் ஊசிக்கு இன்னும் இருக்கின்றன. செல் வீங்கிச் சிதைவதை எம்.ஆர்.ஐ. நேரடியாகக் காட்டாது. இது ஃபேட்டி லிவர்தானா, இல்லை உடலின் எதிர்ப்புச் சக்தியே கல்லீரலைத் தாக்கும் நோயா என்ற சந்தேகம் வந்தால் ஊசிதான் வழி. உங்கள் கடிதத்தில் அப்படிப்பட்ட சந்தேகத்துக்கு இடமிருப்பதாக எனக்குத் தெரியவில்லை. சோதனைகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் குத்தலாம். அப்பாவுடையவை முரண்படவில்லை.

அழற்சியைத் தனியாகப் பிரித்துப் பார்க்க 'சி-டி1' என்றொரு எம்.ஆர்.ஐ. அளவீடும் வந்திருக்கிறது. ஆராய்ச்சிகளில் நன்றாகப் பயன்படுகிறது. அதை எடுக்கவில்லையே என்று கவலைப்பட வேண்டாம், இன்றைய நிலையில் அது இல்லாமலே முடிவெடுக்கலாம்.

அடுத்து அந்த முடிச்சு. நான் படங்களைப் பார்க்கவில்லை, நீங்கள் எழுதிய வரிகளை வைத்துத்தான் சொல்கிறேன். டி2 படத்தில் நல்ல வெளிச்சமாகத் தெரியும் 14 மி.மீ. முடிச்சு என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஹீமாஞ்சியோமாதான். ரத்தக்குழாய்களால் ஆன, தீங்கில்லாத கட்டி. கல்லீரலில் இருக்கும் தீங்கற்ற கட்டிகளில் இதுதான் மிகச் சகஜம். பலர் வாழ்நாள் முழுக்க அது இருப்பது தெரியாமலே இருந்துவிடுகிறார்கள். அதே சமயம், மூச்சு அசைவால் படம் மங்கியிருக்கும்போது 'இருக்கலாம்' என்று எழுதி நிறுத்திக்கொண்டவர் பொறுப்பான ஆள். அவர் சொன்னபடி கான்ட்ராஸ்ட் எடுங்கள்.

எந்த கான்ட்ராஸ்ட் என்பதில்தான் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கல்லீரலுக்கென்றே கடோக்செடேட் என்றொரு மருந்து உண்டு. சாதாரண கடோலினியம் மருந்து ரத்தத்திலும் செல்களுக்கு வெளியிலும் மட்டும் சுற்றிவிட்டுச் சிறுநீரில் போய்விடும். கடோக்செடேட்டில் ஏறத்தாழ பாதியைக் கல்லீரல் செல்கள் உள்ளே இழுத்துக்கொண்டு பித்தத்தில் விடும். இருபது நிமிடம் கழித்துப் படமெடுத்தால் நல்ல கல்லீரல் வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும், கல்லீரல் செல் இல்லாத எதுவும் கரும்புள்ளியாகத் தெரியும். வேறு உறுப்பின் புற்றுநோயிலிருந்து கல்லீரலுக்குப் பரவிய மிகச் சிறு புள்ளிகளைக்கூட இதில் பிடிக்கலாம். இது கல்லீரல் எம்.ஆர்.ஐ.யில் வந்த பெரிய முன்னேற்றங்களில் ஒன்று, சந்தேகமே இல்லை.

ஆனால் ஹீமாஞ்சியோமாவிலும் கல்லீரல் செல் கிடையாது. அதுவும் இருபதாவது நிமிடத்தில் கரும்புள்ளிதான். போதாக்குறைக்கு, சுற்றியுள்ள கல்லீரல் சீக்கிரமே வெளுக்கத் தொடங்குவதால், நடுவில் எடுக்கும் படங்களில் ஹீமாஞ்சியோமா மருந்தை வேகமாக வெளியேற்றிவிட்டது போன்ற ஒரு பொய்த் தோற்றம் வரும். வேகமாக வெளியேற்றுவது புற்றுநோயின் அடையாளங்களில் ஒன்று. பார்த்தவர் கவனமாக இல்லாவிட்டால் வீட்டில் எல்லோருக்கும் நெஞ்சு படபடக்கும் ஒரு ரிப்போர்ட் வந்துசேரும். ஹீமாஞ்சியோமா என்ற சந்தேகத்தைத் தீர்க்கத்தான் எடுக்கிறோம் என்றால், சாதாரண கடோலினியம் மருந்தைக் கொடுத்து, ஐந்து நிமிடம் வரை பொறுத்துப் படமெடுப்பதே என் தேர்வு. ஓரத்திலிருந்து முடிச்சு முடிச்சாக வெளிச்சம் பரவி உள்ளே நிரம்பினால் கேஸ் முடிந்தது. 14 மி.மீ. அளவுள்ளது சில நேரம் முதல் படத்திலேயே முழுக்க நிரம்பிவிடும். அப்போதும் கடைசிப் படம் வரை ரத்தக்குழாய்களைப் போலவே வெளிச்சமாக நிற்கிறதா என்று பார்ப்போம்.

புற்றுநோயைச் சந்தேகிக்க ஏற்கனவே காரணம் ஏதாவது இருந்தால் என் தேர்வு மாறும். அப்பாவுக்கு முன்பு எந்த உறுப்பிலாவது புற்றுநோய் வந்திருக்கிறதா, ஹெபடைடிஸ் பி பரிசோதனை செய்திருக்கிறதா என்ற இரண்டையும் ஸ்கேன் எழுதித் தரும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சில ரிப்போர்ட்களில் கல்லீரல் புற்றுநோய்ச் சந்தேகம் எவ்வளவு என்பதற்கு 'லை-ராட்ஸ் 3', 'லை-ராட்ஸ் 4' என்று மதிப்பெண் போடுவார்கள். அது சிரோசிஸ் அல்லது நாள்பட்ட ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்காக அமெரிக்கக் கதிரியக்கக் கல்லூரி 2011-ல் கொண்டுவந்த முறை. உங்கள் அப்பாவுக்கு அந்த இரண்டும் இல்லை என்றால் அந்த மதிப்பெண்ணே அவருக்குப் பொருந்தாது. யாராவது போட்டுக் கொடுத்தால் பயப்படாமல், 'இவருக்கு இது பொருந்துமா?' என்று கேளுங்கள்.

சிறுநீரகம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஈ.ஜி.எஃப்.ஆர். 52-க்கு இந்த ஒரு ஊசியைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. கடோலினியத்தால் தோலும் உள்ளுறுப்புகளும் இறுகும் ஒரு நோய் வருவதை 2006-ல் கண்டுபிடித்தார்கள். அது வந்தது பெரும்பாலும் ஈ.ஜி.எஃப்.ஆர். 30-க்கும் கீழே போனவர்களுக்கும் டயாலிசிஸில் இருந்தவர்களுக்கும், அதுவும் பழைய வகை மருந்துகளால். அந்தப் பழைய வகைகளில் பலவற்றை ஐரோப்பிய மருந்து முகமை 2017-ல் நிறுத்திவைத்துவிட்டது. கடோக்செடேட்டைக் கல்லீரல் ஸ்கேனுக்கு மட்டும் என்று விட்டுவைத்தது. இப்போது சாதாரணமாகக் கொடுக்கப்படுபவை கடோலினியத்தைக் கூண்டுபோல இறுகப் பிடித்துக்கொள்ளும் வகைகள். இருந்தாலும் ஸ்கேன் மையத்தில் அண்மைய கிரியாட்டினின் ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். எலாஸ்டோகிராபிக்கும் கொழுப்பு அளவீட்டுக்கும் கான்ட்ராஸ்ட்டே தேவையில்லை என்பதால், ஆண்டுதோறும் பின்தொடர்வதற்கு இந்தக் கவலை இருக்காது.

மூச்சு. மறுபடி ஸ்கேனுக்குப் போகுமுன் இதற்கு ஒரு ஏற்பாடு செய்யாவிட்டால் மறுபடியும் மங்கல் படம்தான் வரும். பெரும்பாலோர் 'மூச்சைப் பிடியுங்கள்' என்றதும் ஆழமாக உள்ளே இழுத்துப் பிடிப்பார்கள். ஒவ்வொரு முறையும் இழுக்கும் அளவு மாறும், கல்லீரலும் ஒவ்வொரு முறை ஒவ்வொரு இடத்தில் நிற்கும். கல்லீரல் ஸ்கேனில், அதுவும் எலாஸ்டோகிராபியில், சாதாரணமாக மூச்சை வெளியே விட்டுவிட்டு அப்படியே நிறுத்துவதுதான் நல்லது. அது கொஞ்சம் கஷ்டம், பழகினால் வரும். ஒரு வாரம் தினமும் படுத்துக்கொண்டு, மெதுவாக வெளியே விட்டு, பதினைந்து நொடி நிறுத்திப் பழகச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுங்கள்.

அப்படியும் முடியாதவர்களுக்குக் கருவியிலேயே இப்போது வழி இருக்கிறது. மூச்சு விட்டபடியே எடுக்கும் முறைகள் உண்டு, தரவில் ஒரு பகுதியை மட்டும் எடுத்து மீதியைக் கணக்கால் நிரப்பும் முறைகள் உண்டு, செயற்கை நுண்ணறிவைக் கொண்டு இரைச்சலைக் களைந்து வேகமாகப் படத்தைத் தயாரிக்கும் முறைகளும் சில வருடமாக வந்துவிட்டன. இருபது நொடி பிடிக்க வேண்டியதைப் பத்து நொடியில் முடித்துவிட முடிகிறது. 'செயற்கை நுண்ணறிவு ஸ்கேன்' என்று விளம்பரம் பார்த்து மையத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். படத்தை வேகமாக எடுத்துத் தருவதோடு அதன் வேலை முடிகிறது, அந்த 14 மி.மீ. முடிச்சு என்னவென்று சொல்லப்போவது இன்னமும் ஒரு மனிதர்தான். எத்தனை கல்லீரல் ஸ்கேன் வழக்கமாக எடுக்கிறார்கள், எலாஸ்டோகிராபி வசதி உண்டா, அப்பாவுக்கு மூச்சுப் பிடிக்கச் சிரமம் என்று முன்கூட்டியே சொன்னால் அதற்கேற்ப முறையை மாற்றுவார்களா, இவற்றைக் கேளுங்கள்.

கடைசியாக, அடுத்த எலாஸ்டோகிராபி எப்போது என்பது. ஒரு வருடம் கழித்து எடுக்கலாம், அதற்குமுன் அவசரமில்லை. கொழுப்பை மட்டும் வேண்டுமானால் ஆறு மாதத்தில் பார்க்கலாம். முடிந்தவரை அதே மையத்தில், அதே கருவியில், அதே போல வெறும் வயிற்றில். எலாஸ்டோகிராபி எண் ஏறத்தாழ 19 சதவீதத்துக்கு மேல் மாறினால்தான் அதை நிஜ மாற்றமாக நாங்கள் எடுத்துக்கொள்வோம். அப்பாவுக்கு அது கீழே 2.5, மேலே 3.7. நடுவில் 2.9 வந்தால் மறுபடி 'குறைஞ்சிருச்சு' என்று உட்கார்ந்துவிடப் போகிறார், 3.3 வந்தால் இடிந்துபோய்விடப் போகிறார். இரண்டுக்கும் அர்த்தமில்லை என்று இப்போதே சொல்லிவையுங்கள். கொழுப்புக்கும் அப்படித்தான், ஓரிரு புள்ளி ஏற்ற இறக்கம் கணக்கில் சேராது.

ரிப்போர்ட் காகிதத்தோடு படங்கள் அடங்கிய சி.டி.யையோ பென் டிரைவையோ கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கான்ட்ராஸ்ட் ஸ்கேனுக்குப் போகும்போது அதையும், முதலில் எடுத்த அல்ட்ராசவுண்ட் ரிப்போர்ட்டையும் கொண்டுபோய்ப் படம் படிக்கும் மருத்துவரிடமே கொடுத்துவிடுங்கள். ஏதாவது பழைய வயிற்று ஸ்கேன், சிறுநீரகக் கல்லுக்கு எப்போதோ எடுத்த சி.டி. ஸ்கேன் என்று வீட்டில் கிடந்தால் அதையும் தேடி எடுங்கள். இரண்டு வருடத்துக்கு முன்பும் அந்த முடிச்சு அதே அளவில் இருந்தது என்று தெரிந்தால் பாதிக் கவலை அங்கேயே தீர்ந்துவிடும்.